தலைக்கு ஒரு பரீட்சை

அந்தப் பரீட்சையை ஒழுங்காகச் செய்கிறவளை அசடு என்பார்கள் பெண்கள் கால்பந்து அணியில். அமெரிக்காவில், மின்னசோட்டாவின் அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில், ஆட்டங்கள் தொடங்குமுன் ஒவ்வொரு ஆகஸ்டிலும் எல்லோரும் கணினி முன் உட்கார வேண்டும். அது சில சொற்களைக் காட்டி மறைக்கும். நினைவிலிருந்து சொல்ல வேண்டும். நிறம் மாறினால் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால், அதே பரீட்சையை மறுபடி வைத்துப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆட்டம் கிடையாது. அதனால் முதல் தடவையே கொஞ்சம் மந்தமாகப் போட்டுவைப்பது, மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். பயிற்சியாளருக்கும் இது அரசல்புரசலாகத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதில் அந்த மனிதர் கெட்டிக்காரர்.

இந்த வருடம் பாடம் நடத்தியவள் கடைசி வருட மாணவியும் அணித் தலைவியுமான மேரன். புதியவர்களில் அவளுடைய தங்கை பிரிட்டாவும் இருந்தாள்.

"ரொம்பத் தப்பா போட்டுடாதீங்கடி, மெஷின் கண்டுபிடிச்சிடும். சரியாத் தூங்காதவ மாதிரி போடுங்க, போதும்."

"எனக்கு அது கஷ்டமாச்சே, கேப்டனம்மா. நான் பிறவி அறிவாளி," என்றாள் பிரிட்டா.

"ஆமா, மூஞ்சியப் பாரு. சொன்னதச் செய்டி."

பிரிட்டா அடித்தது வெறும் ஜம்பம் இல்லை. கணிதம் படிக்க உதவித்தொகையோடு வந்தவள் அவள். ஆனாலும் அக்கா சொன்னபடியே செய்தாள். எல்லா விஷயத்திலும் அக்கா சொன்னபடி செய்தே வளர்ந்தவள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை ஆட்டத்தில், பந்தை முட்டப் பாய்ந்த பிரிட்டாவின் தலை கோல் கம்பத்தில் மோதியது. எழுந்து, சிரித்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். பல்கலைக்கழகத்தின் எல்லா அணிகளுக்கும் காயம் பார்க்கிற ஒரே ஆளான ஜோலீன், அவளை அப்போதே வெளியே உட்காரவைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை உணவுக்கூடத்தில் பிரிட்டா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு ஆட்டம் எங்கே என்று கேட்டாள். மேரன் சொன்னாள். ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு அதையே மறுபடி கேட்டாள். மேரன் மறுபடியும் சொன்னாள், எதுவும் நடக்காததுபோல. சனிக்கிழமை தோற்றால் இந்த வருடத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பெண்கள் அணியையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு இருந்தது. அணியில் கோல் போடத் தெரிந்தவள் பிரிட்டா ஒருத்திதான்.

அன்று மதியம் பிரிட்டாவுக்கு அதே பரீட்சையை மறுபடி வைத்து முடித்ததும் ஜோலீன் மேரனைத் தனியே கூப்பிட்டாள்.

"மார்க் பழையதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கு. ஆனா மெஷினுக்கு உன் தங்கச்சியத் தெரியாது, உனக்குத் தெரியும். ரெண்டு நாளா ஏதாச்சும் வித்தியாசமா இருக்காளா?"

மேரன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளை பிரிட்டா வெளியேதான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிரிட்டா கையைக் கூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஜோலீன். அவ எப்பவுமே அரைத் தூக்கந்தானே," என்றாள் மேரன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

சனிக்கிழமை பெரிய அடி எதுவும் படவில்லை. மூலையிலிருந்து வந்த சாதாரணப் பந்து. பிரிட்டா எம்பித் தலையால் தட்டினாள். பந்து வலைக்குள் போனது. கட்டிப்பிடிக்க ஓடிவந்தவர்களைப் பார்த்து இரண்டடி வைத்தாள், உட்கார்ந்தாள், பிறகு படுத்துவிட்டாள். சந்தோஷத்தில் விழுந்துவிட்டாள் என்று நினைத்து அவள்மேல் விழுந்து கும்மாளம் போட்டார்கள். முதலில் அலறியது மேரன்தான்.

நகரத்து ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தத்தை வடித்தார்கள். உயிர் தங்கியது. நவம்பர் கடைசியில், பேசவும் உட்காரவும் தொடங்கிய பிறகு, ஒரு இளம் டாக்டர் கணினியைக் கொண்டுவந்து அதே பரீட்சையை வைத்தார். ஜோலீன் பழைய மதிப்பெண்ணைக் கொண்டுவந்திருந்தாள். பால்பண்ணையைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்த அம்மா கட்டில் ஓரத்திலேயே கிடந்தாள்.

"நல்ல சேதிம்மா. முன்னாடி இருந்ததுக்கும் இப்ப இருக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல," என்றார் டாக்டர்.

"என்ன டாக்டர் சொல்றீங்க? பத்து வயசுலயே பண்ணை வரவுசெலவு பூரா மனசுலயே போடுவா இவ. நேத்து ஏழும் அஞ்சும் எவ்வளவுன்னு கேட்டேன், விரல மடக்கி எண்ணுறா. வித்தியாசம் இல்லைங்கிறீங்களே!"

டாக்டர் ஜோலீனைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தாளையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பழைய மார்க் பொய்," என்றாள் மேரன். "நான்தான் தப்பா போடச் சொல்லிக்கொடுத்தேன்."

"நான் உன்கிட்டக் கேட்டேனே, மேரன்," என்றாள் ஜோலீன். கோபமாகக்கூட இல்லை. அம்மா பெரிய மகளை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடித்திருந்தால் மேரன் தாங்கியிருப்பாள்.

பிரிட்டா மேரனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்த காதுக்குள், மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்:

"நான் ஏதாவது சொதப்பிட்டேனா? இது தப்பா போட வேண்டிய பரீட்சையா, நிஜமா போட வேண்டியதா?"

"நிஜமா போட வேண்டியதுடி."

பிரிட்டா நெற்றியைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நிஜமாத்தானே போட்டேன்," என்றாள்.