உம்மா போன்

ஃபயாஸ் தன்னைத் தேடி ஷோரூமுக்கே வந்து நின்றபோது, விஷயம் சரியில்லை என்று கதிரவனுக்குத் தெரிந்துவிட்டது. காரைக்கால் பாரதியார் வீதியில் செல்போன் உறையும் சார்ஜரும் விற்கிற கடையை விட்டு ஃபயாஸ் லேசில் நகர மாட்டான். மதியச் சாப்பாடே கல்லாவுக்குப் பின்னால்தான். அப்படிப்பட்டவன் பட்டப்பகல் வெயிலில் வந்து, புது ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒரு கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். அப்ராருடைய உம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான் கடைசியில்.

என்ன விஷயமாம் என்று கேட்டதற்கு, ஷார்ஜாவில் அப்ராரோடு இருந்த கூட்டாளிகளின் பெயர் வேண்டுமாம் என்றான் ஃபயாஸ். ஞாயிற்றுக்கிழமை உம்மா கூப்பிடும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "கூட்டாளிங்க மூணு பேரு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க உம்மா, வச்சிடவா?" என்பானாம் அப்ரார். அந்த மூன்று பேரும் அறை வாசலில் காத்திருந்ததாகத்தான் இந்த மூன்று வருஷமும் அந்தம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். மகன் இறந்த பிறகு அந்த மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லையே, அவர்களுக்குச் சேதி தெரியுமோ தெரியாதோ என்று தவிக்கிறாராம்.

"நீ சொல்லியிருக்க வேண்டியதுதானே" என்றான் கதிரவன்.

"கதிருக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டேன்" என்றான் ஃபயாஸ். சாமர்த்தியசாலி. பாரத்தை இறக்கி வைக்கப் பக்கத்துத் தலையாகப் பார்த்து வைத்துவிட்டான். கண்ணாடியை நேராக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனான்.

அந்த மூன்று பேர் யார் என்பதில் ஒரு மர்மமும் கிடையாது. போலகத்துக் கதிரவன், துறைமுகத்தில் வேலை பார்க்கும் சிவக்குமார், இந்த ஃபயாஸ். அப்ராரையும் சேர்த்தால் நாலு. கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஊரடங்குக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது பிடித்த பைத்தியம் அந்த செல்போன் விளையாட்டு. விமானத்திலிருந்து குதிக்க வேண்டும், கிடைத்த வீட்டில் புகுந்து துப்பாக்கி பொறுக்க வேண்டும், சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி வரை உயிரோடு இருக்க வேண்டும். நால்வரும் ஒரு அணி. ஆளுக்கு ஒரு ஊரில் இருந்தாலும் காதில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி பேசிக்கொள்ளலாம்.

விளையாடத் தெரிந்தவன் என்று பார்த்தால் அப்ரார் ஒருவன்தான். சிவக்குமார் எங்கே குதித்தாலும் தண்ணீரில் போய் விழுவான். கருக்களாச்சேரிக்காரனுக்குக் கடல் பாசம் விடாது என்று கிண்டல் செய்வார்கள். ஃபயாஸின் போன் சூடாகிப் படம் உறைந்துவிடும் என்பதால், ஈரத்துணியில் சுற்றிய போனோடு விளையாடுவான். கதிரவன் எதிரியைக் கண்டால் படுத்துவிடுவான். அப்ரார்தான் மருந்துப் பெட்டிகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, விழுந்தவனை எல்லாம் தேடி ஓடி எழுப்பி விடுவான். சண்டை போட வந்தானா, ஆஸ்பத்திரி நடத்த வந்தானா என்று சிவக்குமார் திட்டுவான். திட்டிக்கொண்டே எழுந்து நிற்பான்.

தங்கை நௌஷினின் நிக்காஹ் செலவுக்காக அப்ரார் ஷார்ஜாவுக்கு ஏறினான். ஒரு சாமான் கிடங்கில் வேலை. ஞாயிறு மட்டும் விடுமுறை. ஃபயாஸ் அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் இங்கே ஆட்டம் தொடங்கும். அதே மஃரிப்பை முடித்துவிட்டுத்தான் அப்ராரின் உம்மா ஜொஹராம்மாவும் மகனைக் கூப்பிடுவார். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறே அது நடந்தது. "உம்மா போன்" என்றான் அப்ரார். குரல் அறுந்தது. திரையில் அவனுடைய ஆள் கையில் துப்பாக்கியோடு விறைத்து நின்றான். எவனோ வந்து சுட்டுவிட்டுப் போனான். அப்ரார் திரும்பி வந்து பார்த்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. உம்மாவிடம் பேசிவிட்டு வந்தவன் வேறு எதற்கோ அழுகிறான் என்று மூவருக்கும் புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து பாரு, எவன் கிட்ட வர்றான்னு பார்த்துடுறேன் என்றான் சிவக்குமார்.

அப்படி வந்ததுதான் அந்தச் சட்டம். அப்ரார் "உம்மா போன்" என்று சொன்னால் மற்ற மூவரும் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து அவனைச் சுற்றி நிற்க வேண்டும். உம்மா வைக்கிற வரைக்கும் நகரக் கூடாது. இந்தச் சட்டத்தால் தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை. எதிரிகள் இவர்களைப் பைத்தியக்காரர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சும்மா நிற்கிற நேரம்தான் கதிரவனுக்குப் பிடித்தமான நேரமாக இருந்தது. மூவரும் சும்மா எதையாவது பேசிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் அப்ரார் இருப்பான்.

அவன் இறந்த சேதி ஃபயாஸிடமிருந்து ஒரு வரியாக வந்தது. ஹார்ட் அட்டாக், ஞாயிறு ராத்திரி அறையில் கிடந்தான், அங்கேயே அடக்கம். கதிரவன் அப்போது ஒரு வாடிக்கையாளருக்கு வண்டிச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். கொடுத்தான். சிரித்துப் படம் எடுத்துக்கொண்டான். மதியம் ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அழுகை வரும் என்று அன்று முழுக்க எதிர்பார்த்தான், வரவில்லை. பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை, மண் போடவில்லை. போனில் அவன் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது, பக்கத்தில் பச்சைப் புள்ளி மட்டும் இல்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதக் கூப்பிட்டபோது சரக்குக் கணக்கு எடுக்கிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டான்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அந்தக் கடைசி ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் அப்ரார் சட்டென்று நின்றுவிட்டான். வெட்டவெளியில், ஒரு வைக்கோல் போர் பக்கத்தில். சொல்லாமலேயே போயிட்டான் பாரு, உம்மா ரெண்டு தடவை போன் அடிச்சிருக்கும் என்றான் சிவக்குமார். மூவரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றார்கள். அப்ரார் திரும்பவில்லை. வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து நால்வரையும் சேர்த்து முடித்தது. இன்னைக்கு உம்மா கதை பெருசு என்று சிரித்துவிட்டு வெளியே வந்தார்கள். ஆக, கடைசியாக அவன் உம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். கதிரவன் அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி யோசித்ததில்லை.

போவதற்கு முன் சிவக்குமாருக்குப் போன் செய்தான். அவனுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. ரெண்டு மூணு பேரைச் சொல்லிவிட்டு வா, நல்ல பசங்க, வேற கம்பெனிக்கு மாறிட்டாங்கன்னு சொல்லு என்றான். பக்கத்தில் ஆள் இருந்தது என்ற நினைப்பில்தான் அந்தம்மா தூங்குகிறது, அதையும் பிடுங்கிக்கொண்டு வராதே என்றான். கதிரவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வண்டியில் போகும்போதே பெயர்களை யோசித்துக்கொண்டு போனான்.

நௌஷின் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜொஹராம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார். முன்பு பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, வாய் சுற்றி டேப் ஒட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றித் தயாராக இருந்தது. நெய் வாசனை அடித்தது. ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துச் சுடுகிற தம்ரூட். அப்ராருக்கு உயிர்.

பக்கத்து வீட்டு அலாவுதீன் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குப் போகிறாராம். அவர் கையில் கொடுத்து அந்த மூன்று பிள்ளைகளிடம் சேர்க்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சுட்டு அனுப்பியதாகச் சொன்னார். அது கதிரவனுக்குத் தெரியும். உங்க பங்கையும் நானே தின்னுட்டேன்டா என்று அப்ரார் ஒவ்வொரு முறையும் வெட்கமில்லாமல் சொல்வான்.

"பேரைச் சொல்லு தம்பி. டப்பா மேல எழுதணும்."

யோசித்து வைத்திருந்த பெயர்கள் நாக்கில் நின்றன. சொல்வதற்குள் அவரே பேசினார்.

"அன்னைக்கு நான் கூப்பிடல கதிரு. நாகூர்ல ஒரு நிக்காஹ். பேசிக்கிட்டே இருந்துட்டேன், போன் பைக்குள்ள கெடந்துச்சு. நாளைக்குப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். நான் பேசல, சரி. அந்தப் புள்ளைங்களாச்சும் பக்கத்துல இருந்துச்சான்னு தெரியணும் எனக்கு."

கதிரவன் டப்பாவையே பார்த்தான். உம்மா கூப்பிடவில்லை. அப்படியென்றால் அந்த வைக்கோல் போர் பக்கத்தில் அவன் நின்றது எதற்காக என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. அறைத்தோழன் பகலில் தூங்குகிறவன் என்பதால் அப்ரார் எப்போதும் மைக்கை அணைத்தே வைத்திருப்பான், பேசும்போது மட்டும் திறப்பான். அன்று அந்தத் தோழன்கூட அறையில் இல்லை என்று ஃபயாஸ் சொல்லியிருந்தான். இங்கே மூன்று பேர் உம்மாவின் கதை பெரிது என்று சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தெரிந்திருந்தால் மட்டும் யாரைக் கூப்பிட்டிருப்போம், அங்கே ஒரு நம்பர்கூட நம்மிடம் இல்லையே என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டான். அந்தப் பதில் உதவவில்லை.

சிவக்குமார் சொன்ன பொய்யை இனிச் சொல்ல முடியாது என்று பட்டது. இல்லாத மூன்று பேரை அந்த அறையில் உட்கார வைத்தால், அவர்கள் ஏன் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்று இந்த அம்மா ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அது நாங்கதாம்மா" என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லத் தெரியாமல் சொன்னான். போனில் ஒரு விளையாட்டு, அதில் ஆளுக்கு ஒரு உருவம், நீங்கள் கூப்பிட்டால் அவனுடைய உருவம் அப்படியே நிற்கும், நாங்கள் மூன்று பேரும் சுற்றி நிற்போம், அறை வாசலில் யாரும் கிடையாது, நாங்கள் இங்கே காரைக்காலில்தான் இருந்தோம் என்றான். அன்றைக்கும் அப்படித்தான் நின்றான், நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் என்று நினைத்துவிட்டோம் என்று சொல்லி முடித்தபோது, தன் குரல் வண்டியின் மைலேஜ் சொல்கிற குரல் போல இருப்பது அவனுக்கே கேட்டது.

உள்ளே நௌஷின் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"நான் பேசும்போதெல்லாம் நின்னீங்களா? மூணு வருஷமும்?"

"ஆமாம்மா."

"அன்னைக்கும் கடைசி வரைக்கும் நின்னீங்களா?"

"ஆட்டம் முடியிற வரைக்கும் நின்னோம்மா. எங்களையும் சேர்த்து... எல்லாரும் ஒண்ணாத்தான் முடிஞ்சோம்."

அவர் தலையை ஆட்டினார். மவுத்தானவரைத் தனியாக விடக் கூடாது, அடக்கம் வரைக்கும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அங்கே யாருமே இல்லாமல் கிடந்தானே என்றுதான் இத்தனை நாளும் தூங்கவில்லை என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதிரவன் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"எந்தப் பக்கம் பார்த்து நின்னான்?"

கேள்வி அவனுக்கு உடனே விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. உயிர் போகிறவரைக் கிப்லாவைப் பார்க்க, அதாவது மக்கா இருக்கிற மேற்குப் பக்கமாக, திருப்பிப் படுக்க வைப்பார்கள் என்று அப்ரார்தான் எப்போதோ சொல்லியிருக்கிறான். அந்த விளையாட்டில் திரையின் உச்சியில் திசைகாட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று பேரில் ஒருவரும் அன்று அதைப் பார்க்கவில்லை. வைக்கோல் போர் இடது கைப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

"மேக்கால பார்த்துதாம்மா நின்னான்" என்றான் கதிரவன்.

சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த நாற்பது சொச்ச நாளில் முதல் தடவை. ஜொஹராம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்துவிட்டு, மேசைமேல் இருந்த டப்பாவை எடுத்து, துணியை அவிழ்த்து, டேப்பை நகத்தால் கிழித்தார். ஒரு துண்டை எடுத்து அவன் கையில் வைத்து, சாப்பிடச் சொன்னார். இத்தனை வருஷமும் உங்களுக்குத்தானே சுட்டேன், மத்த ரெண்டு பேருக்கும் கொண்டுபோய்க் கொடு என்றார். கதிரவன் சாப்பிட்டான். அவன் முழுவதும் விழுங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

டப்பாவை வண்டியில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தவன், ஓரமாக நிறுத்தி இருவரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டான். உம்மா அன்றைக்குக் கூப்பிடவே இல்லை என்பதைச் சொன்னான். உண்மையைச் சொல்லிவிட்டேன், அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்று உம்மா கேட்டார், மேற்கே என்று சொல்லியிருக்கிறேன், உங்களைக் கேட்டாலும் அதையே சொல்லுங்கள் என்றான்.

எதற்கு மேற்கு என்று சிவக்குமாருக்குப் புரியவில்லை. ஃபயாஸுக்குப் புரிந்தது. அவன்தான் சொன்னான்.

"ஆமாடா. மேக்கதான். நான் பார்த்தேன்."