என் ஒன்பது கன்றுகள்

விடிவதற்குள் பட்டியின் வடக்குப் பக்கத்தில் இரண்டு கம்பங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு நட்டுவிட்டேன். காளை முந்தின நாள் முட்டிச் சாய்த்தவை அவை. சட்டங்களைக் கம்பியால் கட்டி இறுக்கும்போது உள்ளங்கை கிழிந்தது. அதன் பிறகு அடிபம்பைக் கழற்றினேன். உள்ளே தோல் வளையம் கிழிந்து கிடந்தது. பழைய பூட்ஸ் ஒன்றை அறுத்துப் புதுசு வெட்டிப் போட்டேன். கன்றுக்குட்டி ஒன்றின் தொப்புளில் புழு. அதையும் எடுத்து மருந்து போட்டாயிற்று. அப்போதும் மணி எட்டுதான்.

இத்தனையும் சந்தோஷமாகத்தான் செய்தேன், அதைச் சொல்லிவிட வேண்டும். மதியம் கன்றுகளுக்குச் சூடு போடப்போகிறோம். அதில் ஒன்பது என்னுடையவை.

எனக்கு ஞானஸ்நானம் ஆனபோது அம்மா ஒரு செவலைக் கிடேரியை என் பேரில் விட்டாள். அதன் மகள்கள், பேத்திகள் என்று இப்போது பதினொரு பசு. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பதினொன்றின் தொடையிலும் அப்பாவின் சூடுதான். எங்கள் காசனாரே சமவெளியில் தன் அடையாளம் வைத்த சூட்டுக்கோல் இல்லாதவளுக்கு மாடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முப்பத்தெட்டு வயது வரை கேட்டுக் கேட்டு, போன கிறிஸ்துமஸுக்குத்தான் அப்பா இறங்கி வந்தார். "சரி புள்ள, இந்த வருஷக் கன்னுங்களுக்கு உன் சூட்டையே போட்டுக்க" என்றார். பிறையும் அதன் கீழே ஒரு கோடுமாக அட்டையில் நானே வரைந்து கொடுத்தேன். அந்தக் கோலை வாங்கிவரத்தான் அவர் ஓரோகுவேயில் இருக்கும் கொல்லனிடம் போயிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்தது. அப்பாவோடு தம்பி நோல்பெர்த்தோவும் இறங்கினான். யோபால் நகரத்தில் மோட்டார் சைக்கிள் விற்கிறவன். பின்னால் அவன் மனைவி, கையில் மூன்று மாதக் குழந்தை தெய்வெர். நான் குழந்தையைக்கூடப் பார்க்காமல் சாக்கைப் பிரித்தேன். பிறையைக் காணோம். தெய்வெரின் முதலெழுத்துதான் இருந்தது, உச்சியில் இரண்டு மாட்டுக் கொம்பு வைத்து, அழகாக.

"என்னப்பா இது? என் பிறை எங்க?"

"பேரனுக்கு அடிச்சுட்டேன். ரெண்டு கோலு அடிக்க நேரமில்லன்னுட்டான் கொல்லன்."

"பேரனுக்கு எந்தக் கன்னு?"

"உன்னோடதுதான். உனக்கென்ன புள்ளையா குட்டியா? நாளைக்கு இவனுக்குத்தான் வரப்போவுது, இன்னைக்கே வந்தா என்ன குறைஞ்சு போச்சு? இல்ல, நாளைக்கே நீ ஒருத்தன கட்டிக்கிட்டா அவன் சூடு உனக்கு இருக்கு."

"முப்பத்தெட்டு வயசுல எவன் கோலு எனக்காகக் காயுது?"

"அக்கா, கோவிக்காத" என்றான் தம்பி, சாணியில் படாமல் ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்தபடி. "குழந்தைக்கும் ஒரு ஆரம்பம் வேணும்ல."

இருபத்து மூன்று வருஷமாக நான் பால் கறந்த மாடுகளில் இவனுடைய பிள்ளைக்கு ஆரம்பமாம்! ஆனாலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய் அத்தனை பேருக்கும் இறைச்சி வாட்டி, வாழைக்காய் பொரித்துப் பரிமாறினேன். இன்றுவரை ஆறாத கோபம் அதுதான், என் மேலேயே.

சாப்பாடு முடிந்ததும் அண்டைப் பண்ணை மிசாயெல் இரண்டு மகன்களோடும் கயிறுகளோடும் வந்தார். பட்டியில் முப்பத்தொரு கன்றுகள். நெருப்பில் இரண்டு கோல்கள், அப்பாவுடையதும் குழந்தையுடையதும்.

"சொராய்தா, உன் கன்னுங்களக் காட்டு" என்றார் அப்பா.

"ஞாபகம் இல்லப்பா."

அவர் என்னை முறைத்தார். முழங்கால் போனதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அவர் கறவைக்கு வந்ததில்லை. தம்பி வந்ததே இல்லை. எங்கள் பக்கம் கறக்கும்போது தாயின் பெயரை வைத்துப் பாடுவோம். அந்தப் பெயருக்குரிய கன்று மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பாட்டு என்னுடையது, பெயர்களும் என்னுடையவை.

"பேரச் சொன்னா வருமேப்பா" என்று தம்பி சட்டத்தின் மேல் ஏறினான். "பளோமா! ஏய் பளோமா!"

ஒரு கன்று அவன் பக்கம் திரும்பி, வாலைத் தூக்கிக் கழிந்தது.

"தம்பி, பதில் சொல்லிடுச்சு பாரு" என்றார் மிசாயெல்.

"தாய்ங்கள உள்ள விட்டா எது எதோட கன்னுன்னு தெரிஞ்சிடுமே" என்றான் அவருடைய மூத்த மகன்.

"தாய் எல்லாத்துக்கும் என் சூடுதானே? அதுல எது இவளோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்குப்பா இவ்வளவு? கைக்கு வந்த ஒன்பதுக்குப் போட்டுடுங்க."

"என் கன்னுக்கா?" அப்பா பதறிப்போனார். "என் கன்ன நான் எப்படிடா தூக்கிக் குடுப்பேன்?"

மிசாயெல் தன் கயிற்றைப் பார்த்துக்கொண்டார். சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவுக்குத் தன் பேச்சே காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் முகம் கறுத்தது.

"கேட்டுக்கிட்டீங்களா மிசாயெல் மாமா? அவர் கன்னு அவரோடது. என் கன்னு மட்டும் ஊர்க்கன்னு" என்றேன்.

நான் போய்ப் பட்டி வாசலில் நின்று பாடினேன். "வாடியம்மா அசுசேனா, விடிஞ்சாச்சு, மடி நிறைஞ்சாச்சு." அசுசேனாவின் கன்று முட்டி மோதிக்கொண்டு வந்தது. பளோமா என்று பாடினேன், தம்பிக்கு வராத பளோமாவின் கன்று எனக்கு ஓடி வந்தது. லுசேரோவுடையது வந்தது, நியேப்லாவுடையது வந்தது. தம்பி மனைவி தன்னையறியாமல் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது என்றதும் அவள் கணவன் முறைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, எது என்னோடதுன்னு" என்றேன். "சூடு போடணும்னு இருக்கிறவங்க வாங்க. கால நானே புடிச்சுக்கறேன்."

அப்பாவின் கையில் குழந்தையின் கோல் சிவக்கக் காய்ந்திருந்தது. இரண்டு அடி முன்னால் வந்தார். மிசாயெலையும் அவர் மகன்களையும் பார்த்தார். அவர்கள் யாரும் கயிற்றைத் தூக்கவில்லை. அப்பா திரும்பிப் போய்க் கோலைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினார்.

அது சீறி அடங்கும் வரை நின்றேன். பிறகு என் ஒன்பதையும் அவற்றின் தாய்களிடம் ஓட்டிக்கொண்டு போனேன்.