நாரைகளுக்கு ஒரு கம்பம்

வசந்தப் புத்தாண்டு நௌரூஸ் முடிந்த மறுவாரம் எங்கள் தெரு முனையில், கால்வாயை ஒட்டி நிற்கும் மின்கம்பத்தின் உச்சியில், ஒரு ஜோடி செங்கால் நாரை சுள்ளி சேர்க்கத் தொடங்கியது. கால்வாய்க் கரையில் நின்ற பாப்லர் மரங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வழிவிட்டுப் போய்விட்டன. எங்கள் நமங்கான் நகரத்துக்குள் நாரை உட்காருகிற உயரத்தில் மிச்சம் இருப்பது கரண்டுக் கம்பம்தான்.

முதலில் பார்த்தவன் ஹோஷிம். என் பக்கத்து வீட்டுக்காரன், சிறு வயதிலிருந்து கூட்டாளி, எங்கள் மேளக் குழுவின் கர்னாய்க்காரன். கர்னாய் என்றால் ஆளைவிட நீளமான பித்தளைக் கொம்பு. கல்யாண வீட்டு வாசலில் அதை வானத்தைப் பார்த்துத் தூக்கி அவன் ஊதினால், அடுத்த மஹல்லாவில் கட்டிப்போட்ட கழுதைகூடப் பதில் கொடுக்கும். நான் அவன் பக்கத்தில் நின்று தோய்ரா மேளம் தட்டுகிறவன். எனக்கு இடது காது மந்தமானதற்கு அவன்தான் காரணம் என்று என் மனைவி சொல்வாள்.

"ரஹ்மோன், வெளிய வா. விருந்தாளி வந்திருக்காங்க" என்று சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தேன். ஆண் நாரை சுள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தது. பெண் அதை வாங்கி ஓரிடத்தில் வைத்தது, எடுத்தது, வேறிடத்தில் வைத்தது, மறுபடி எடுத்தது.

"என் வீட்டுக்காரி சோபாவை நகர்த்துற மாதிரியே இருக்குல்ல?" என்றான் ஹோஷிம்.

மதியத்துக்குள் தெரு முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாரை இறங்குகிற தெருவுக்கு நல்லது வரும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. ஹோஷிமின் மகள் ஓய்தினுக்கு மே மாதக் கடைசியில் கல்யாணம் குறித்திருந்ததால், அந்த நல்லதில் பெரும்பங்கு தனக்குத்தான் என்று அவன் முடிவு செய்துவிட்டான்.

வாரக் கடைசியில், ஆளைத் தூக்குகிற கூண்டு வைத்த லாரியில் மின்சார ஆபீஸிலிருந்து துர்குன் என்ற லைன்மேன் வந்தான். இளவட்டம், அதிகம் பேசாதவன். மேலே போனான், கூட்டைக் கலைத்துக் கீழே தள்ளினான், போய்விட்டான். அன்று மாலைக்குள் நாரைகள் பாதிக் கூட்டைத் திரும்பக் கட்டிவிட்டன. மறுபடி வந்து கலைத்தான். மறுபடி கட்டின. மூன்றாம் முறை லாரி வந்து நின்றபோது கம்பத்தடியில் சனோபர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சனோபர் தெரு முனையில் தந்தூர் அடுப்பு வைத்து சம்சா சுட்டு விற்பவள். எங்கள் மஹல்லாவுக்கு, அதாவது இந்தச் சுற்றுத் தெருக்களுக்கு, தலைவியும் அவள்தான். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உயர்த்த வேண்டி வந்ததே இல்லை.

"இறங்குங்க தம்பி. டீ ஆறிப்போகுது."

"வேலை இருக்குக்கா."

"உங்க வேலை மேலதானே உட்கார்ந்திருக்கு, எங்க ஓடிடப் போகுது? சம்சா எடுத்துக்குங்க. கொழுப்பு வச்சது."

துர்குன் இறங்கினான். ஒரு சம்சா தின்றான். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று முறைத்தோம்.

"ஏன் எல்லாரும் என்னைக் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பாக்குறீங்க?" என்றான். "போன வருஷம் ரயிலடிக்குப் பின்னால ஒண்ணு றெக்கையை விரிச்சப்போ ரெண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டுடுச்சு. நான்தான் கீழ இறக்கினேன். கறி கருகின வாடை. அன்னிக்கு வீட்டுல என்னால சாப்பிட முடியல. இங்க முட்டை வச்சுட்டா குஞ்சும் சேர்ந்துதான் போகும். அதுக்கு முன்னால கலைச்சு விட்டா வேற இடம் பாத்துக்குமேன்னுதான்."

ஹோஷிம் மேலே கம்பிகளைப் பார்த்தான். இத்தனை நாளும் நாங்கள் பார்த்தது நாரையை மட்டும்தான்.

"இதைவிட உசரமா, கம்பியில்லாத கம்பம் ஒண்ணு பக்கத்துல நட்டுக் கொடுத்தா?" என்று சனோபர் கேட்டாள்.

"போனாலும் போகும். ஆனா சீக்கிரம் நடணும். முட்டையிடுற நேரம் நெருங்குது. யாரு நடுவா?"

சனோபர் திரும்பி எங்களைப் பார்த்தாள். "இவங்கதான். சும்மாதானே நிக்கிறாங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஹஷார். எங்கள் பக்கம் ஹஷார் என்று சொல்லிவிட்டால் கூலிப் பேச்சு கிடையாது, வீட்டுக்கு ஒரு ஆளாவது வந்தாக வேண்டும். அன்று வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். கால்வாய்க் கரையில் குழி தோண்டினோம். அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் கேட்டு ஒரு நீளமான இரும்புக் குழாய் வாங்கி வந்தோம். பருத்தி வண்டியின் பழைய சக்கரத்தை அதன் தலையில் படுக்கை வாட்டில் வைத்து வெல்டிங்கில் பற்றவைத்தோம். பெண்கள் உட்கார்ந்து வில்லோ மரக் குச்சிகளை வளைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பின்னினார்கள். ஒரு பக்கம் பெரிய கொப்பரையில் கேரட்டும் ஆட்டிறைச்சியும் போட்டுப் புலாவ் வெந்தது.

தனக்கு விடுமுறையாக இருந்தும் துர்குன் லாரியோடு வந்திருந்தான். கையில் ஒரு வாளிச் சுண்ணாம்புக் கரைசல். "இதைக் கூட்டு ஓரத்துல வழியவிடணும். எச்சம் மாதிரி தெரியும். இங்க முன்னாடியே யாரோ நல்லா வாழ்ந்துட்டுப் போயிருக்காங்கன்னு அதுங்க நினைச்சுக்கும்."

"நாம வாடகைக்கு வீடு பாக்கப் போற இடத்துல இப்படி இருந்தா வாசலோட திரும்பிடுவோம்" என்றாள் சனோபர்.

கம்பம் நிமிர்ந்தது. துர்குன் பழைய கூட்டின் சுள்ளிகளைப் பத்திரமாக அள்ளி எடுத்துப்போய்ச் சக்கரத்தில் பரப்பினான். மின்கம்பத்தின் உச்சியில் நாரை உட்கார முடியாதபடி பிளாஸ்டிக் கூம்புகளைக் கவிழ்த்தான். கம்பிகளுக்கும் உறை மாட்டினான். இரண்டு நாரைகளும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தன. பெரியவர் ஒருவர் துஆ ஓதினார். நாங்கள் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம்.

சந்தோஷம் தாங்காத ஹோஷிம் வீட்டுக்குள் ஓடினான். கர்னாயோடு வந்தான். நான் கையைப் பிடிப்பதற்குள் வானத்தைப் பார்த்து ஒரு முழு மூச்சு ஊதினான்.

நாரைகள் மாடியிலிருந்து எழும்பின. ஒரு சுற்று சுற்றின. தெற்கே பறந்து புள்ளியாகி மறைந்தன.

சமையல்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி தெற்கே பார்த்தார். சனோபர் ஹோஷிமிடம் திரும்பினாள். "ஊதி முடிச்சுட்டீங்களா அண்ணே?"

அதற்குப் பிறகு சக்கரம் காலியாகவே கிடந்தது. ரொட்டிக் கடையில் ஹோஷிமைப் பார்த்தவர்கள், "கர்னாய்க்காரரே, எங்க வீட்டுல எலித் தொல்லை, கொஞ்சம் வந்து ஊதிட்டுப் போங்களேன்" என்றார்கள். வாய்க்கு வாய் கொடுக்கிறவன், தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியை வாங்கி வந்தான். ஒரு நாள் காலையில் என் டமாஸ் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"சிர்தர்யா ஆத்துப் பக்கம் ஓட்டு."

"எதுக்கு?"

"தேடத்தான்."

நகரத்தைத் தாண்டி ஆற்றோரத்து நெல் வயல்களுக்குப் போனோம். நீர் கட்டிய வயல் முழுக்க நாரைகள். தவளை பொறுக்கிக்கொண்டு, நிதானமாக, நிலம் தங்களுடையது என்பதுபோல நடந்துகொண்டிருந்தன.

"இதுல நம்மது எதுடா?" என்றேன்.

"பார்த்தா தெரிஞ்சுடும்."

"எப்படி?"

"என்னைக் கண்டதும் எது மூஞ்சியைத் திருப்பிக்குதோ அதுதான்."

அத்தனையும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. ஹோஷிம் முழங்கால் சேற்றில் இறங்கினான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாத குரலில், வயலைப் பார்த்துச் சொன்னான். "தெரியாம ஊதிட்டேன். வீடு தயாரா இருக்கு. வந்துடுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மண்வெட்டியோடு வந்த வயல்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மன்னிப்பு கேக்குறதுன்னா எங்கிட்டயும் கேட்டுடுங்க. என் வரப்பை மிதிச்சு உடைச்சுட்டீங்க."

வரப்பைச் சரிசெய்துவிட்டு, சேறும் சகதியுமாகத் திரும்பி வரும் வழியில் என் போன் அடித்தது. சனோபர்.

"எங்க இருக்கீங்க? வாங்க. மெதுவா வாங்க. முனையில ஹாரன் அடிச்சீங்கன்னா வண்டியைக் கால்வாய்க்குள்ள தள்ளிடுவேன்."

தெரு முனையில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். சக்கரத்தின் மேல் இரண்டு நாரையும் நின்றன. பெண் நாரை, நாங்கள் பாடுபட்டுப் பின்னிய குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி வேறிடத்தில் செருகிக்கொண்டிருந்தது. ஆண் நாரை பக்கத்தில் சும்மா நின்றது. ஹோஷிம் சுவரோரமாக மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நாம வச்ச ஒண்ணுகூட அவளுக்குப் பிடிக்கல பாரு" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

அன்றே தெரு ஜனங்களைக் கூட்டிச் சொன்னான், குஞ்சு பறக்கிற வரைக்கும் இந்தத் தெருவில் கர்னாய் கிடையாது என்று. எல்லோரும் கை தட்டாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். பின்னால் நின்ற அவன் மனைவி, "மே கடைசியில யாரு வீட்டுக் கல்யாணம்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மம்மாசித்தீக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் தரைக்கல் வியாபாரம் செய்பவர். விஷயம் காதில் விழுந்ததும் இரண்டு மைத்துனர்களோடு வந்துவிட்டார். விரிப்பில் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை.

"சம்பந்தி, கர்னாய் இல்லாம கல்யாண ஊர்வலமா? பாக்குறவங்க மய்யித்து எடுக்குற வீடுன்னு நினைச்சுக்குவாங்க. அதுவும் கர்னாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்துல! என் ஜனங்க முன்னால நான் எந்த மூஞ்சியோட நிக்கிறது?"

"அதுக்குள்ள மேல குஞ்சு பொரிச்சிருக்கும் சம்பந்தி. தாய் பயந்து எழுந்து போயிட்டா வெயில்ல வாடிடும்."

"அது பறவை. இது என் மூத்த மகன்."

ஹோஷிம் என்னைப் பார்த்தான். நான் டீக் கிண்ணத்தைப் பார்த்தேன். அப்போதுதான் ஓய்தின் தட்டோடு உள்ளே வந்தாள். கல்யாணப் பெண் இந்த மாதிரி இடத்தில் வாய் திறக்கக் கூடாது. அவள் மாமனாரின் கிண்ணத்தில் டீ ஊற்றி, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து கொடுத்தாள்.

"மாமா, கால்வாய்ப் பாலம் கூட்டுக்குத் தூரம்தானே, அதுவரைக்கும் ஊதிக்கிட்டே வாங்க. நமங்கான் பூரா கேக்கட்டும். அப்பாவும் பாலத்துக்கே வந்து ஊதுவார்."

"பாலம் தாண்டினா?"

"குழந்தை தூங்குற வீட்டுக்குள்ள எப்படி நுழைவீங்களோ அப்படி வாங்க. எத்தனையோ கல்யாணம் சத்தமா நடந்திருக்கு. யாருக்கு எது ஞாபகம் இருக்கு? இதை யாரும் மறக்க மாட்டாங்க."

மம்மாசித்தீக் டீயைக் குடித்தார். மைத்துனர்களைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா நமக்குப் பேச்சே இருக்காது போல" என்றார். கையிலிருந்த ரொட்டியைத் தின்றார். நாங்கள் மூச்சு விட்டோம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது ஹோஷிம் அங்கே காத்திருந்தான். அந்த ஊதலை எப்படிச் சொல்வது? அவனோடு எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறேன், அப்படி ஒரு மூச்சை நான் கேட்டதில்லை. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். கார்கள் நின்றன. கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கல்யாணத்துக்கு உள்ளதை அங்கேயே ஊதித் தீர்த்தான். பிறகு கொம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விரலை உதட்டில் வைத்தான்.

பாலத்தைத் தாண்டினோம். பட்டும் ஜரிகையும் உடுத்திய அத்தனை பெரிய கூட்டம் நுனிக்காலில் நடந்தது. குதிகால் செருப்புக்காரிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அவள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. கொஞ்ச நேரத்தில் ஊர்வலம் முழுக்கத் தோள்கள் குலுங்கின. நான் தோய்ராவை விரல் நுனியால் மழை தூறுகிற மாதிரி மட்டும் தொட்டுக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் முன்னால் மம்மாசித்தீக். யாராவது இருமினால் திரும்பிப் பார்த்து முறைத்தவர் அவர்தான்.

கம்பத்தடிக்கு வந்தபோது ஆண் நாரை வயலிலிருந்து வந்து இறங்கியது. கூட்டிலிருந்து மூன்று சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. இரண்டு பெரிய நாரைகளும் கழுத்தைப் பின்னால் முதுகுவரை வளைத்து அலகைத் தட்டத் தொடங்கின. கட கட கடவென்று, மரக்கட்டையை மரக்கட்டையில் தட்டுகிற சத்தம், தெரு முழுக்க.

"அடேங்கப்பா" என்று மம்மாசித்தீக் கிசுகிசுத்தார். "சம்பந்தி, இவங்களுக்கும் உங்க குழுவுல சம்பளம் உண்டா?"

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்துச் சிலர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாரைகள் எங்களைச் சட்டை செய்யவில்லை. ஹோஷிம் மட்டும் அழுதுகொண்டிருந்தான்.

"மூக்கை உறிஞ்சாதீங்க அண்ணே, குஞ்சு பயந்துக்கும்" என்றாள் சனோபர்.

ஜூலையில் மூன்று குஞ்சும் பறந்தன. ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் கிளம்பிப் போயின. அக்டோபர் தொடக்கத்தில் மம்மாசித்தீக் ஒரு தட்டு மாதுளையோடு ஹோஷிம் வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைத்து வியாபாரம், வானிலை எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"எங்க தெருக்காரங்க என்னைச் சும்மா விட மாட்டேங்குறாங்க. நமக்கும் ஒரு கம்பம் வேணும்னு ஒரே பிடிவாதம். உங்களோடதைவிட ஒரு முழம் உசரமா இருந்தா தேவலை."

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் பாலத்தைத் தாண்டிப் போனோம். முதலில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, இன்னொன்று தோண்டினோம். என் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது, ஒரு மாதம் தோய்ராவைத் தொட முடியாது என்று நினைத்துக்கொண்டேன். ஓய்தின் அந்தத் தெருப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து குச்சி பின்னிக்கொண்டே அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். கம்பம் நிமிர்ந்ததும் துர்குன் கூண்டில் ஏறி உச்சிக்குப் போனான். அங்கேயிருந்து சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டான்.

"அக்கா, செங்கல் சூளைப் பக்கம் நல்ல இடம் தெரியுது. அந்த மஹல்லாக்காரங்க நேத்துகூடக் கேட்டாங்க. ரயிலடிக்காரங்களும் கேக்குறாங்க."

"தெரியும், எனக்கும் போன் பண்ணாங்க" என்று சனோபர் கீழேயிருந்து சொன்னாள். "முதல்ல இறங்கி வாங்க. புலாவ் ஆறுது."