பிரேக்கை விடாத கால்

டிரைவிங் ஸ்கூலில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கம் பொருத்தியிருக்கும் கூடுதல் பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே பதினெட்டு வருடங்களை ஓட்டிவிட்டார். சர்க்கரை வந்து ஆறு வருடமாகிறது. மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு எதிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் மூன்று மாதச் சராசரி ஒன்பதை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"டென்ஷனும் சர்க்கரையை ஏத்தும்," என்றார் டாக்டர். "மாத்திரையை விட்டுடாதீங்க. கூடவே உடம்பைத் தளர்த்துற பயிற்சி கத்துக்கோங்க."

நர்ஸ் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். கைகளை இறுக்கிப் பிடித்துத் தளர விடச் சொன்னார், பிறகு தோள்களை. பாதத்துக்கு வந்ததும் குனிந்து பார்த்தார்.

"வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கிட்டே இருக்கே, சார்?"

"டிவி பார்க்கும்போதும் அப்படித்தாம்மா இருக்கும்."

"தினமும் பத்து நிமிஷம் செய்யுங்க. மெதுவா விட்டுரும்."

பத்து நிமிஷம்! கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன். புது வேலை கிடைத்து, வீடு பார்க்கும்வரை என்று வந்தவர், மூன்றாவது மாதமும் ஹாலில் படுத்திருந்தார். மாஸ்டரிடமே கார் ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, கிளட்ச்சைத் தவிர.

மாஸ்டர் கண்ணை மூடினால் போதும், மச்சான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"மாப்ள, மூஞ்சி உர்ருனு இருக்கு. சிரிச்ச மாதிரி வைங்க. மூச்சு வயித்துலேர்ந்து வரணும். அது வயிறு இல்ல, நெஞ்சு."

"மச்சான், கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"பாத்தீங்களா, கோபம்! இதுதான் உங்க வியாதி."

மாஸ்டர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். பயிற்சிக்கு முன்பு நூற்று அறுபத்தெட்டு. பின்பு நூற்று எண்பத்தொன்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாடம். சந்தைத் தெருவில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. மச்சான் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாஸ்டரின் தோளைப் பார்த்தார்.

"இறுக்கமா வெச்சிருக்கீங்க. தளர்த்துங்க, மாப்ள."

"முன்னாடி பாருங்க!"

முன்னால் ஒருவர் தள்ளுவண்டி நிறையக் காலிப் பெட்டிகளோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். மாஸ்டர் பிரேக்கை மிதித்த மிதியில் கார் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பெட்டிக்காரர் திட்டித் தீர்த்தார். மச்சான் நிதானமாகத் திரும்பினார்.

"இப்ப மூச்சை இழுங்க."

மாஸ்டர் இழுக்கவில்லை. காரை ஓரம் கட்டச் சொன்னார். சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். "பத்து நிமிஷம் இங்கேயே இருங்க. ஒரு வார்த்தை வரக்கூடாது." அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

பூட்டிய ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். கை, தோள், தாடை என்று ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தினார். லாரிகள் போயின. யாரோ போனில் கத்தினார்கள். எதையும் நிறுத்த வேண்டிய பொறுப்பு அவருக்கு இல்லை. எப்போது என்று தெரியவில்லை, வலது பாதம் சும்மா சாய்ந்து கிடந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரிலிருந்து ஹாரன் அடித்தது. "பதினோரு நிமிஷம் ஆச்சு, மாப்ள!"

அன்றே மச்சானை வேறொரு மாஸ்டரிடம் தள்ளிவிட்டார். மனைவியிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் துவைத்த துணியை மடித்தபடியே கேட்டாள்.

"அந்தப் பயிற்சியை எனக்கும் சொல்லிக்குடுங்க. மூணு மாசமா எனக்கும் தலை வெடிக்குது. அண்ணனாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

அதன்பிறகு தினமும் சாயங்காலம் இருவரும் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சில நாள் நடந்தது, சில நாள் வெளியிலிருந்து கதவு தட்டப்பட்டது. மறுமுறை ரத்தம் எடுத்தபோது மூன்று மாதச் சராசரி எட்டரை. "நல்ல இறக்கம். எல்லாத்தையும் அப்படியே தொடருங்க," என்றார் டாக்டர்.

அன்று ஹாலில் மச்சான் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "நான்தான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடுத்தேன். இல்லைன்னா மாப்ளைக்கு எங்க இறங்கப் போகுது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"அதுக்குப் பதில் வேற சொல்லணுமா? வாங்க, நடந்துட்டு வரலாம்."