முழுப் பாதாம்

இருபத்தாறு வருஷமாகக் கிறிஸ்துமஸ் விருந்து தாக்மார் வீட்டில்தான். போன முறை வாத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அன்றிலிருந்து தோழி தோரா, உனக்கு எழுபத்தொன்று ஆகிறது, இனி என் வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று சொல்லாத நாளில்லை. இன்னொன்று மறந்தால் விருந்து கைமாறிவிடும். அதனால் இந்த முறை தாக்மார் வேலைகளைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

குளிர்கால இருட்டில் துறைமுகத்து விளக்குகள் மாலை மூன்றரை மணிக்கே எரிந்தன. வாத்தை, தோராவோடு விருந்துக்கு வந்திருந்த நண்பர் ஐனாரும் அவர் மனைவி லிஸும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடைசியில் குளிர்ந்த பால்சோறும் சூடான செர்ரிக் குழம்பும் வந்தன. வழக்கப்படி சோற்றுக்குள் ஒரே ஒரு முழுப் பாதாம் ஒளிந்திருக்கும். கிடைத்தவருக்குப் பாதாம் மாவில் பன்றி உருவத்தில் செய்த இனிப்பு பரிசு. கிடைத்தவர் உடனே சொல்லிவிடுவாரா என்ன? கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மற்றவர்கள் வயிறு முட்டத் தேடுவதைப் பார்த்து ரசிப்பார்.

இரண்டாம் கிண்ணத்தின்போதுதான் தாக்மாரின் கண் அடுப்படிச் சன்னலுக்குப் போனது. சாஸரில் உரித்த பாதாம் சோற்றில் போடாமல் அப்படியே இருந்தது, பாவம். தாளில் அந்த வரியை உரித்த கையோடு அடித்திருந்தாள்.

எழுந்தால் தோரா கவனிப்பாள். எழாவிட்டால் சட்டி காலியாகும். தாக்மார் துடைப்புத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"வாயில வச்சிருக்கிறவங்க சொல்லிடுங்கம்மா. என் பெல்ட்டுல இனி ஓட்டை இல்ல" என்றார் ஐனார்.

"தாக்மார் முழியப் பாருங்க. இவகிட்டதான் இருக்கு" என்றாள் லிஸ்.

தாக்மார் வாயைத் திறக்காமல் சிரித்தாள். சட்டியின் அடி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, குழம்பு ஆறிவிட்டது என்று தோரா ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் போகிறேன் என்று தாக்மார் சொல்வதற்குள் குழாய்ச் சத்தம் கேட்டது. தோரா வர வெகுநேரமானது. வந்தவள் தாக்மாரைப் பார்க்காமல் கடைசிக் கரண்டியை வழித்துப் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். பிறகு உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள், முழுப் பாதாம்.

"அடிப்பாவி, இவ்வளவு நேரம் வச்சிருந்தியா?" என்று லிஸ் பொருமினாள். சரி, அடுத்த வருஷம் யார் வீட்டில் என்று ஐனார் கேட்டார். எல்லோரும் தோராவைப் பார்த்தார்கள்.

அவள் பன்றியின் காதைக் கடித்தாள். "இங்கதான். வாத்துல உப்பு கொஞ்சம் தூக்கல். அத மட்டும் பாத்துக்கடி."

தாக்மார் காபி போட எழுந்தாள். அடுப்படியில் அந்தச் சாஸர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.