வெர்னுக்குப் போன கடிதம்

கடிதத்தை அனுப்பியது நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முன்னால் நடந்ததிலிருந்து ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகவே சொல்லிக்கொண்டு போய்விடுவேன்.

எங்கள் ஊர் ஹாலோவீன் குடும்ப விழாவுக்கு இரண்டாவது வருடமாக நான் செயலாளர். பகலில் டயர் கடையில் கணக்குமேசையில் இருக்கிறேன். திங்களும் புதனும் மாலை வகுப்பு. ஒரே கடிதத்தை ஒரு பெயர்ப் பட்டியலோடு இணைத்து, ஆளுக்கு ஒரு கடிதமாக அச்செடுக்கும் முறையை செப்டம்பரில் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. போன வருடம் விழாவில் வேலை செய்தவர்களின் பட்டியலை எடுத்தேன். முப்பத்தெட்டுப் பெயர்கள். அச்சான கடிதங்களை எண்ணினேன், உறைகளை எண்ணினேன், தபால்தலைகளை எண்ணினேன். எல்லாம் முப்பத்தெட்டு. சரியாக இருக்கிறது என்று பெட்டியில் போட்டுவிட்டேன்.

பெயர்களைப் படித்துப் பார்க்கவில்லை.

இருபத்தொன்றாவது பெயர் வெர்ன் காஸ்டெல்னிக். பதினோரு வருடமாக விழாவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் எங்கள் வைக்கோல் வண்டியைத் தன் சொந்த டிராக்டரில் கட்டி இழுத்தவர். மே மாதம் மர அறுவை ஆலையில் வேலை முடிந்து வெளியே வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "அன்புள்ள வெர்ன், போன வருடம் உங்கள் உதவிக்கு நன்றி. அக்டோபர் இருபத்தைந்து, சனிக்கிழமை, இந்த வருடமும் உங்களை எதிர்பார்க்கிறோம். உங்கள் கல் தயாராக இருக்கிறது. இப்படிக்கு, ஜோனெல்."

கல் என்பது எங்கள் ஊர் வழக்கம். தீயணைப்பு நிலையத்தின் பக்கத்துப் புல்வெளியில் வருடாவருடம் ஒரு பொய்க் கல்லறைத் தோட்டம் போடுவோம். தெர்மாகோலை வெட்டி, சாம்பல் நிறம் பூசி நட்டுவைத்த கற்கள். விழாவுக்கு உழைத்தவர்களுக்கு அவர்கள் பெயரில் ஒரு கல் உண்டு, கேலியாக ஒரு வாசகத்தோடு. பிள்ளைகள் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். குழுத் தலைவி லொரெட்டாவின் கல்லில் "ஒருவழியாக வாயை மூடினாள்" என்று இருக்கும். வெர்னின் வாசகத்தைப் போன வருடம் எழுதியது நான். "எழுப்பாதீர்கள், கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்." அவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, அந்த வாசகத்தைப் பற்றியே இருபது நிமிடம் பேசினார்.

செப்டம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை குழு கூடியது. நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, போன கூட்டத்தில் முடிவானவற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

"அதக் கீழ வை, ஜோனெல்" என்றார் லொரெட்டா. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மெதுவாகப் பேசினாலும் பின் இருக்கைவரை கேட்கும். "டார்லா போன் பண்ணினா."

"எந்த டார்லா?"

"ஊர்ல எத்தன டார்லா இருக்காங்க? வெர்ன் பொண்டாட்டி."

அப்போதுதான் பட்டியல் வரிவரியாக என் கண்முன் வந்தது. இருபதாவது பெயர், இருபத்தொன்றாவது பெயர்.

"தபால்காரங்க மேல போன மனுஷனுக்கும் டெலிவரி பண்ண ஆரம்பிச்சுட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றார் தீயணைப்புத் தலைவர் கர்ட்.

"கர்ட், வாய மூடு" என்றார் லொரெட்டா.

"மூடிட்டேன்."

"திட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"திட்டியிருந்தா தேவலையே. கடுதாசிய தபால் டப்பாலேருந்து எடுத்தது டார்லா இல்ல. பொண்ணு. பிரின். ஏழு வயசு, கையில கெடைக்கறதையெல்லாம் படிக்குது. அப்பா இருபத்தஞ்சாம் தேதி வர்றாராம்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டு திரியுதாம்."

"ஹாலோவீன் இல்லையா" என்றார் கர்ட், இந்தத் தடவை வேறு குரலில். "அன்னிக்கு செத்தவங்க எந்திரிச்சு வருவாங்கன்னு வருஷா வருஷம் அந்தப் புள்ளைங்களுக்கு வேஷம் கட்டிக் காட்டறது நாமதானே. கல்லு ரெடின்னு வேற எழுதியாச்சு."

லொரெட்டா கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்குச் சாயங்காலம் அந்தப் புள்ள டிராக்டர் நிக்கற எடத்துல போய் நின்னுட்டு அப்பனுக்குக் காத்திருக்கும். அதப் பாக்கற தெம்பு உங்கள்ல யாருக்காவது இருக்கா? எனக்கில்ல. நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"கையெழுத்து என்னோடது" என்றேன். "நான் போறேன்."

"போய் என்ன சொல்லுவ?"

"தெரியல."

"நல்லது. தெரியும்னு சொல்லியிருந்தா உன்ன விட்டிருக்க மாட்டேன்."

வியாழக்கிழமை கடையிலிருந்து நேராகப் போனேன். சொல்லவேண்டியதை நான்கு வாக்கியமாக எழுதி மேல்சட்டைப் பையில் வைத்திருந்தேன். கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவதா, வெறுங்கையோடு போவதா என்று முதல்நாள் இரவு வெகுநேரம் யோசித்திருந்தேன். கடைசியில் வெறுங்கையோடுதான் போனேன். அதுவும் தவறோ என்று படியேறும்போது தோன்றியது. கொட்டகையில் டிராக்டர் தார்ப்பாய்க்குள் இருந்தது.

டார்லா கதவைத் திறந்தார். பள்ளி உணவகத்தில் வேலை செய்பவர். இன்னும் வேலை உடுப்பில்தான் இருந்தார்.

"ஷூவக் கழட்டாத. தரை ஒண்ணும் சுத்தமில்ல."

அடுப்பில் முட்டைக்கோசும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதங்கிக்கொண்டிருந்தன. குளிர்பதனப்பெட்டியின் கதவில், காந்தத்துக்குக் கீழே, என் கடிதம்.

"மூணு தடவ எடுத்துக் குப்பையில போட்டேன்" என்றார். "மூணு தடவையும் எடுத்து நீவி அங்கயே மாட்டிட்டா."

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். "டார்லா, நான் செஞ்சது..."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவர் செத்துட்டார்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லு."

"நீங்க சொல்லலையா?"

"தினமும் சொல்றேன். உனக்குத் தெரியாதும்மாங்கறா. உனக்கா கடுதாசி வந்துச்சுன்னு கேக்கறா. எனக்கு வரலையே." அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பிரின்! கீழ வா. உன்னப் பாக்க ஆள் வந்திருக்கு" என்று கூப்பிட்டார்.

பிரின் வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"கடுதாசில கீழ இருக்கற ஜோனெல் நீதானா?"

"நான்தான்."

"எத்தன மணிக்குன்னு எழுதலையே. அப்பா எத்தன மணிக்கு வரணும்?"

காகிதத்தில் இருந்த நான்கு வாக்கியத்தில் எதுவும் இதற்குப் பதில் இல்லை. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தேன்.

"பிரின், அந்தக் கடுதாசி தப்பு. உங்கப்பா வர மாட்டார்."

"எதிர்பாக்கறோம்னு போட்டிருக்க."

"போட்டிருக்கேன். அப்பா பேரு அதுல இருக்குன்னு பாக்காமலே போட்டுட்டேன். அவர் செத்துட்டார். செத்தவங்க திரும்ப வர முடியாது. ஹாலோவீன் அன்னிக்கும் முடியாது. அங்க வர்ற பேயெல்லாம் நாங்கதான். போன வருஷம் வெள்ளைத் துணிக்குள்ள இருந்தது கர்ட்."

"தெரியும். பூட்ஸ் தெரிஞ்சுது."

"அப்ப உனக்கே தெரியுது."

"பேரப் பாக்கவே இல்லையா நீ?"

"இல்ல."

"எங்க டீச்சர் பாப்பாங்க. ஒவ்வொண்ணா பாப்பாங்க."

"நானும் பாத்திருக்கணும். மன்னிச்சுக்கோ."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கடிதத்தைக் காந்தத்திலிருந்து எடுத்து, இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தாள். "நீயே வச்சுக்கோ" என்றாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அழுகை. சின்னப் பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் அழுகிற அழுகை இல்லை.

டார்லா அடுப்பை அணைத்தார். நான் எழுந்தேன்.

"நான் கிளம்பறேன்."

"உக்காரு" என்றார். "நீ ஆரம்பிச்சது. முடியறவரைக்கும் இருந்து கேளு."

உட்கார்ந்தேன். அவரும் எதிரே உட்கார்ந்தார். மேலே அழுகை கூடும், குறையும், நிற்கும், மறுபடி தொடங்கும். டார்லா ஒருமுறை பாதி எழுந்தார். பிறகு தானே உட்கார்ந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் போயிற்று. கடிகாரத்தைப் பார்த்ததற்கும் வெட்கமாக இருந்தது.

"அடக்கத்தன்னிக்கு அவ அழல" என்றார் கடைசியில். "எல்லாரும் எவ்வளவு தைரியமான பொண்ணுன்னாங்க. தைரியமும் இல்ல மண்ணும் இல்ல. அவ நம்பவே இல்ல."

அவர் எழுந்து அடுப்பிலிருந்த பாத்திரத்தை மூடினார்.

"அந்தக் கல்லு எங்க இருக்கு?"

"ஸ்டோர் ரூம்ல."

"நடாதீங்க. நவம்பர்ல அவருக்கு நெஜக் கல்லு வருது. ஒருத்தருக்கு ரெண்டு வேணாம்."

"தூக்கிப் போட்டுடச் சொல்லட்டுமா?"

"போட்டுப் பாருங்க" என்றார் பட்டென்று. பிறகு, "இங்க கொண்டாந்து குடு. எங்கயாவது வச்சுக்கறேன். டிராக்டர் வேணும்னா கர்ட்ட வந்து எடுத்துக்கச் சொல்லு. பேட்டரி செத்திருக்கும்."

"நீங்க வருவீங்களா?"

"தெரியாது. அதக் கேக்காத."

கேட்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் வேலை இருந்தது. ஐம்பது பூசணிக்காய்க்குச் சொல்லி அறுபது வந்தது. கேரமல் ஆப்பிளுக்குக் குச்சி வாங்க மறந்திருந்தேன். கர்ட் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து டிராக்டரைக் கிளப்பினார். முதல் கூட்டத்தில் முடிவுசெய்திருந்த புதைகுழியிலிருந்து கை நீட்டும் பொம்மையை வேண்டாம் என்று நான் சொன்னேன். காரணம் யாரும் கேட்கவில்லை. எல்லாப் பட்டியலையும் வாய்விட்டுப் படித்தேன், பெயர் பெயராக. லொரெட்டா ஒருநாள் பொறுக்காமல், "பிரார்த்தனை பண்றியா, வேலை பாக்கறியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வாசலைத் திறந்தோம். வாசல் மேசை என்னுடையது. வேஷம் போட்டு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "நீங்க யாரு?" என்று கேட்டு, சொல்லும் பெயரை ஒட்டுச்சீட்டில் எழுதி நெஞ்சில் ஒட்டவேண்டும். அதன்பிறகு வீட்டுக்குப் போகும்வரை எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர்களைக் கூப்பிடவேண்டும். எங்கள் விழாவில் அது கட்டாயம். மூன்று டைனோசர், ஒரு ராணி, அட்டைப்பெட்டிக்குள் ஒரு சலவை இயந்திரம் வந்து உள்ளே போயிருந்தன.

நாலேகாலுக்கு டார்லாவின் கார் வந்தது.

பிரின் இறங்கினாள். அறுவை ஆலையின் ஆரஞ்சு நிற மேலங்கி அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தலையில் ஆலைத் தொப்பி, கண்வரை இறங்கி. உதட்டுக்கு மேல் மைப்பென்சிலால் மீசை. நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

கேட்காமலே உள்ளே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். மற்ற எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன்.

"நீங்க யாரு?"

"வெர்ன் காஸ்டெல்னிக்."

நான் டார்லாவைப் பார்த்தேன். அவர் கார்கள் நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையிலேருந்து சொல்லிப் பாத்துட்டேன்" என்றார். "வேற எதுவும் வேணாங்கறா."

பெயரை எழுதினேன். மேலங்கியில் ஒட்டினேன். அவள் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. வாசலை ஒட்டி நின்ற டிராக்டரை நோக்கி நடந்தாள்.

கர்ட் டிராக்டர் இருக்கையில் இருந்தார். அவள் நெஞ்சில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தார். தொப்பியைப் பார்த்தார். தன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"என்ன வெர்ன்" என்றார். "நாலு மணின்னா நாலேகாலா? உன் வண்டிய நான் ஓட்ட வேண்டியிருக்கு பாரு."

"நீயே ஓட்டு. எனக்கு மேல வேலை இருக்கு."

அவள் வைக்கோல் வண்டியில் ஏறி, முன்னாலிருந்த வைக்கோல் கட்டின் மேல் நின்று, உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினாள். "யாரும் எந்திரிக்கக் கூடாது. கைய வெளிய நீட்டக் கூடாது. வைக்கோலத் திங்கக் கூடாது."

வெர்ன் ஒவ்வொரு வருடமும் சொன்னதுதான். யாருமே சிரிக்கவில்லை. சலவை இயந்திரம்கூடத் தன் அட்டைப்பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு டைனோசர் மட்டும் உட்காராமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"வெர்ன் செத்துட்டாருல்ல?" என்று கேட்டது.

டார்லாவின் கை என் மேசையின் விளிம்பைப் பிடித்தது.

"ஆமா, செத்துட்டேன்" என்றாள் பிரின். "நீ உக்காரு."

டைனோசர் உட்கார்ந்தது. கர்ட் வண்டியை எடுத்தார். வேலி ஓரமாக, சோளத்தட்டைகளைத் தாண்டி, ஆரஞ்சு மேலங்கி சிறிது நேரம் தெரிந்தது. டார்லா கையை எடுக்காமல், அழாமல், அது திரும்பி வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றிருப்பேன். ஆனால் வரிசை பிரதான சாலைவரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு சின்ன உருவம் பொறுமையாகக் காத்திருந்தது.

"நீங்க யாரு?" என்று கேட்டேன்.