நாற்பத்தொரு கிணறு

ஆஃப்ஷீன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மி, அதாவது அம்மா முன்னி பேகம், செய்து வைத்த சேமியாவை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் பயம்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கில், பாலையடிமடு என்கிற ஊரின் பிரதேச சபை கூடுகிறது. நம் பக்கத்துப் பேரூராட்சி மாதிரி ஒரு சின்ன சபை. சண்டையில் தரைமட்டமாகிப் போன அந்த ஊருக்கு இனி ரோடு எங்கே, சந்தை எங்கே, பஸ் ஸ்டாண்டு எங்கே என்று போட்ட வரைபடம் இன்றைக்கு அங்கே ஓட்டுக்கு வருகிறது. வரைந்தவள் ஆஃப்ஷீன்.

அந்த ஊரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. சிரிக்க வேண்டாம், இந்தக் காலத்தில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு திட்டத்தை எடுத்து நடத்துகிறது, சென்னையில் ஒரு கம்பெனி வேலையை வாங்கிக்கொள்கிறது, அந்தக் கம்பெனிக்காகத் திருவண்ணாமலை வேங்கிக்காலில் மாடியறையில் உட்கார்ந்து ஒரு பெண் கோடு போடுகிறாள். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் நான்கு நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் ஊருக்குக் கிழக்கே முப்பது ஏக்கர் புதர் மண்டிக் கிடந்தது. ராணுவம் வெகுகாலம் வைத்திருந்து விட்டுக்கொடுத்த இடம். கண்ணிவெடிப் பலகை நட்டிருந்த இடத்துக்குள் யார் காலை வைப்பார்கள்? பத்திரப் பதிவேடுகளும் சண்டையில் எரிந்துபோயிருந்தன. வெடிகளை எடுத்து முடித்த பிறகு டிரோன் படம் வந்தது. அதைப் பார்த்து ஆஃப்ஷீன் ஒரு முடிவுக்கு வந்தாள்: கைவிடப்பட்ட பயிர் நிலம். பஸ் ஸ்டாண்டையும் சந்தையையும் அங்கேயே வைத்து மஞ்சள் கலர் அடித்துவிட்டாள்.

அடுத்த நாள் பௌர்ணமி வேறு. கிரிவலத்துக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கே வேலூர் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. வீட்டுக்குள்ளேயோ பெயிண்ட் வேலை. தம்பி அஸ்பாக்குக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அடி அண்ணாமலை அகதி முகாமிலிருந்து தருமன் வந்து நான்கு நாளாகச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இருபது வயதில் இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி வந்த மனுஷன். முப்பத்தைந்து வருடமாகத் திருவண்ணாமலையில் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார். பேச்சில் பாதி நம் ஊர், பாதி அவர் ஊர்.

பதினோரு மணிக்கு மேசையை நகர்த்தச் சொல்லி அவர் உள்ளே வந்தபோது ஆஃப்ஷீன் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நெட் வழியாகச் சபையில் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"இது எந்த ஊரு பிள்ளை?" என்று கேட்டார் தருமன்.

"உங்க நாடுதாங்கண்ணா. பாலையடிமடுனு ஒரு ஊரு."

"நான் அந்தப் பக்கம் போனதில்ல." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதென்ன வட்டம் வட்டமா?"

"எல்லாம் பழைய கிணறுண்ணா. இங்கதான் பஸ் ஸ்டாண்டு வருது, மார்க்கெட்டு வருது. சும்மா கெடக்கிற பயிர் நெலம்."

"பயிர் நெலமா?" தருமன் நிமிரவே இல்லை. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கிணறு இருக்குதே."

"அடப் பாவமே! வயலுக்கு ஆரு பிள்ளை கிணறு வெட்டுறது? எங்க பக்கம் வயலுக்குக் குளத்துத் தண்ணி. தோட்டத்துக்குனு ஒண்ணு ரெண்டு இருக்கும், இல்லேங்கல. இப்படிக் கிட்டக் கிட்ட இருந்தா அது வளவு. வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு கிணறு."

"வீடே இல்லியேண்ணா? ஒரு செவுருகூடத் தெரியலியே?"

"குண்டு விழுந்த வீட்டுல செவுரு நிக்குமா? மிச்சம் இருந்தாலும் ஓட்டைக் கழட்டிடுவான், கதவைக் கழட்டிடுவான், அத்திவாரத்துக் கல்லைக்கூடப் பேத்து எடுத்துருவான். கிணத்தை எவன் தூக்கிட்டுப் போவான்?"

ஆஃப்ஷீன் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். அவள் அம்மி பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். சின்ன வயதில் லீவுக்குப் போன இடமெல்லாம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லையும் நடுவில் ஒரு கிணறும் பக்கத்தில் மோட்டார் கொட்டாயும்தான். கிணறு என்றால் கொல்லை, பயிர் வைக்கிற நிலம். வீட்டுக்குத் தண்ணீர் தெருக்குழாயில் வரும். பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான் என்றால், படத்தில் வட்டத்தைப் பார்த்ததும் வேறு எது தோன்றும்? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்த திமிர் என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். முதல் தடவை முப்பத்தொன்பது வந்தது. புதருக்குள் மறைந்திருந்த இரண்டைத் தருமன் விரலால் காட்டினார். நாற்பத்தொன்று.

"அந்தச் சனம் ஒண்ணும் சொல்லலியா?"

"இந்தப் படத்தை அறுபது நாள் சபை ஆபீஸ் போர்டுல ஒட்டி வச்சிருந்தாங்கண்ணா. ஒரு மனுகூட வரல."

"எப்படி வரும்? உயிரோட இருக்கிறவன் கனடாவுல இருப்பான், இல்லேன்னா என்னப்போல இங்க எங்கியாச்சும் முகாம்ல இருப்பான். போர்டை வந்து பாப்பானா?" தருமன் கையிலிருந்த துணியை உதறினார். "எங்க வளவுலயும் ஒரு கிணறு இருக்கு பிள்ளை. அதுக்கும் எவனாச்சும் இப்படிக் கலர் அடிச்சிருப்பான்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போய்ச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உடனே சென்னைக்கு, மேலாளர் சக்கரவர்த்திக்குப் போன் போட்டாள். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"ஏம்மா, ஓட்டுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கும்போது கிணறு கிணறுங்கற? இந்த மாசத்தோட ப்ராஜெக்ட் க்ளோஸ். இன்னிக்குப் பாஸ் ஆகலேன்னா மொத்தமும் போச்சு. சின்னச் சின்ன கரெக்‌ஷன்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் எப்படி சார் பாக்கிறது? சபை ஒத்துக்கிச்சுனா கெஜட்ல போட்டுருவாங்க. நாப்பத்தொரு குடும்பத்தோட எடம் சார்."

"யாரு சொன்னது குடும்பம்னு?"

"எங்க வீட்டுல பெயிண்ட் அடிக்கிறவரு..."

ஏன்தான் அதைச் சொன்னோமோ என்று ஆகிவிட்டது. சக்கரவர்த்தி அப்படிச் சிரித்தார். "நல்லா கேட்டுக்கோ. ஸ்லைடைக் காட்டு, தேங்க்ஸ் சொல்லு, வெளிய வா. அதுக்கு மேல வாயத் தொறந்தேன்னா நாளைலேருந்து நீ வரவே வேணாம்."

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்று சொல்வது சுலபம். தப்பான வரைபடம் போட்டவள் என்ற பேரோடு இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்பவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆஃப்ஷீன் அரை மணி நேரம் அறைக்குள்ளேயே நடந்தாள். பிறகு பாலையடிமடு சபையின் செயலாளருக்குப் போன் செய்தாள். இந்த இரண்டு வருடத்தில் மெயில் போட்டால் அன்றைக்கே பதில் அனுப்புகிற, அதிகம் பேசாத ஒரு நடுத்தர வயது அம்மாள்.

செயலாளர் எல்லாவற்றையும் கேட்டார்.

"எத்தினை எண்டு எண்ணினீங்கள்?"

"நாப்பத்தொண்ணு மேடம். இன்னிக்கு அஜெண்டாலேருந்து அதை எடுத்துட முடியுங்களா?"

"என்னால ஏலாது பிள்ளை."

"நீங்க செயலாளர்தானே மேடம்? நீங்க சொன்னா..."

"நான் சொல்லக் கூடாது. நீங்கள்தான் சபையில சொல்ல வேணும்." போனை வைத்துவிட்டார்.

நல்ல ஆள், நைசாக நழுவிவிட்டாள் என்று ஆஃப்ஷீன் பல்லைக் கடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எல்லாருமே இப்படித்தான், தன் கையில் மட்டும் கறை படக் கூடாது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சரியாக ஒன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது. வைஃபை அணைந்தது. போனில் நெட்டைப் போட்டால், பௌர்ணமிக்கு வந்த கூட்டம் மொத்தமும் டவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இதுவும் நல்லதுக்குத்தான் என்று அவள் மனசுக்குள் ஒன்று சொன்னது. லைன் கிடைக்கவில்லை, நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிடலாம். நினைத்த உடனே வெட்கமாகப் போய்விட்டது. அச்செடுத்த வரைபடத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். தருமனும் பின்னால் வந்தார். கீழேயிருந்து அம்மி, "சோறு ஆறுதும்மா!" என்று கத்தினாள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அதற்குள் கூட்டம் தொடங்கி, சக்கரவர்த்தி சென்னையிலிருந்து தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் சபைத் தலைவரான தவிசாளரின் கனத்த குரல் கேட்டது.

"நல்லம். எங்களுக்கு ஒரு கேள்விதான். இந்தச் சந்தை வாற காணியில ஆருக்கேனும் உரித்து இருக்கோ?"

"இல்லவே இல்லைங்க. சுத்தமான காலி நிலம்," என்றார் சக்கரவர்த்தி.

ஆஃப்ஷீன் போனின் மைக்கைத் திறந்தாள். தருமன் அவளைப் பார்க்காமல் ரோட்டில் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது தைரியமாக இருந்திருக்கும்.

"ஐயா, நான் ஆஃப்ஷீன் பேசறேங்க. வரைபடம் போட்டது நான்தான். அது காலி எடம் இல்லீங்க."

"லைன் சரியில்ல சார், அந்தப் பொண்ணுக்கு..." என்று சக்கரவர்த்தி குறுக்கே பாய்ந்தார்.

"பொறுங்கோ. அந்தப் பிள்ளை கதைக்கட்டும்," என்றார் தவிசாளர்.

"தப்பு என்னுதுங்க. எங்க ஊருல பயிர் வைக்கிற கொல்லைலதாங்க கிணறு இருக்கும். அதனால பயிர் நெலம்னு எழுதிட்டேன். அது அத்தனையும் வீட்டுக் கிணறுங்க. நாப்பத்தொரு வீடு அங்க இருந்திருக்கு. மஞ்சள் கலரைத் தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க."

பேசி முடித்தாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். கட்டாகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு ஒரு நாற்காலி இழுபட்டது. ஒரு வயதான உறுப்பினரின் குரல். "றோட்டுக்கரையில முதலாவது கிணறு தபால்காரச் சின்னத்தம்பியின்ர."

"நீங்கள் இருங்கோ," என்று உட்காரச் சொல்லி யாரோ அதட்டினார்கள்.

"இருக்கமாட்டன். இவ்வளவு நாளும் இருந்ததே பிழை. எங்களுக்குத் தெரியாதெண்டில்லை. சொன்னால், வாற சந்தையைக் கெடுத்தவன் எண்டு சொல்லுவியள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். கடல் கடந்து ஒரு பிள்ளை தன்ர பிழை எண்டு சொல்லுது, எங்களுக்கு வெக்கமில்லையோ? ரெண்டாவது தையல்காரி பூமணியின்ர. மூண்டாவது அவளின்ர தமையன்ர."

சபையில் ஒரே இரைச்சல். "நிலத்தை விட்டால் பஸ் நிலையத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று ஒருவர் கத்தினார். "முதல்ல மனிசரைப் பாருங்கோ!" என்று ஒரு பெண் உறுப்பினர் பதிலுக்குக் கத்தினார். தவிசாளர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்து, கடைசியில் சொன்னார்: "இண்டைக்கு வாக்கெடுப்பு இல்லை. ஒவ்வொரு கிணறாச் சொல்லுங்கோ. செயலாளர், எழுதுங்கோ."

ஆஃப்ஷீனின் போனில் சக்கரவர்த்தியிடமிருந்து மெசேஜ் வந்து விழுந்தது. என்ன எழுதியிருப்பார் என்று தெரியும். அவள் திறக்கவில்லை. வரைபடத்தை மாடிச் சுவரில் விரித்து, வட்டத்துக்குப் பக்கத்தில் பேர் எழுத ஆரம்பித்தாள். காகிதம் பறக்காமல் தருமன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பேர்கள் எளிதாக வரவில்லை. பதினொன்றாவது கிணற்றுக்காரர் ஜெர்மனியில். பதினான்கு யாருக்கும் நினைவில்லை. பத்தொன்பதில் ஒருத்தரும் மிஞ்சவில்லை என்றார் கிழவர். அதற்கும் பேர் எழுதச் சொன்னார். ஒவ்வொரு பேருக்கும் எதிர்ப்பு ஒன்று முளைத்தது. உறுதிப் பத்திரம் எங்கே, சாட்சி எங்கே என்று. எந்த நிமிஷத்திலும் யாராவது எழுந்து, போதும், ஓட்டுக்கு விடுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஆஃப்ஷீன் வேகம் வேகமாக எழுதினாள்.

"இருபத்தேழு?" என்றார் தவிசாளர்.

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"மூலையில, பனைக்குப் பக்கத்தில. ஆருக்கும் தெரியாதோ? செயலாளர், தெரியாது எண்டு போடுங்கோ."

பேனா ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. பிறகு, போனுக்கு மிகப் பக்கத்தில், செயலாளரின் குரல் கேட்டது.

"அது எங்கட வீடு. நானே எழுதலாமோ, தவிசாளர்?"

ஆஃப்ஷீனின் கை நின்றுவிட்டது. மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு இந்த அம்மாளைத்தான் திட்டினாள். தன் வீட்டு நிலத்தைத் தானே காப்பாற்றிக்கொண்டாள் என்று ஊர் சொல்லுமே என்பதற்காக, அது கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் குறிப்பெழுதிக்கொண்டிருந்திருக்கிறாள் அந்த மனுஷி.

"எழுதுங்கோ," என்றார் தவிசாளர்.

"மேடம்," என்றாள் ஆஃப்ஷீன். "நானும் எழுதணும். உங்க அப்பா பேரு என்னங்க?"

செயலாளர் சொன்னார். ஆஃப்ஷீன் எழுதினாள். அந்தப் பக்கம் யாரோ மறுபடி எதிர்த்துப் பேச ஆரம்பிப்பதற்குள் கிழவர் அவசர அவசரமாக இருபத்தெட்டாவது பேரைச் சொன்னார்.